வெட்டிவேர் வரிசையும் ராத்தாவின் சொல்லும்



உம்மாமார்களின் பழைய மரப்பெட்டகத்தைத் திறந்தால் ஒரு வாசனை வருமே, நினைவிருக்கிறதா? பெருநாள் உடுப்பும் கலியாணச் சேலையும் மடித்து வைத்திருக்கும் பெட்டகத்தின் அடியில், வெள்ளைத் துணியில் முடிந்த ஒரு சிறு வேர்க்கட்டு கிடக்கும். மழை பெய்து ஓய்ந்த மண்ணின் மணமும் சந்தனத்தின் மணமும் கலந்தது போன்ற அந்த வாசனை, வருடங்கள் கழிந்தாலும் முற்றாக விட்டுப்போகாது. அதுதான் வெட்டிவேர்.

அந்த வேர் எந்தச் செடியில் இருந்து வருகிறது என்று என்னிடம் ஓதும் பிள்ளைகளிடம் ஒருநாள் கேட்டேன். மரம் என்றார் ஒருவர், கொடி என்றார் இன்னொருவர். புல் என்று ஒருவரும் சொல்லவில்லை. வளவின் ஓரத்தில் பச்சைப் பசேலென்று ஆளின் நெஞ்சளவு உயரத்தில் வளைந்து நிற்கும் ஒரு புல்லின் அடியில்தான் இந்த வாசனை முழுவதும் இருக்கிறது. இம்மாதம் அந்தப் புல்லைப் பற்றியும், அது எங்கள் குடும்பத்துக்குக் கற்பித்த ஒரு பாடத்தைப் பற்றியும் எழுதலாம் என்று எண்ணுகிறேன்.

பெயரும் பெருமையும்

வெட்டிவேர் தெற்காசியாவின் சொந்தப் புல். சிங்களச் சகோதரர்கள் இதனைச் சவந்தரா என்பர். வட இந்தியாவில் கஸ் என்பர். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இதற்குச் சொந்தமாக ஒரு பெயர் தேடவில்லை. நமது தமிழ்ச் சொல்லையே எடுத்து 'வெட்டிவர்' என்று வழங்குகிறார்கள். இன்று பாரிஸ் நகரத்து வாசனைப் போத்தல்களிலும் அந்தத் தமிழ்ப் பெயர்தான் எழுதப்பட்டிருக்கிறது.

முகலாயப் பேரரசர் அக்பரின் அவையில் இருந்த அபுல் பஸ்ல் எழுதிய 'ஆயினே அக்பரி' என்ற நூலில் இந்த வேரைப் பற்றிய குறிப்பு உண்டு. மூங்கில் சட்டங்களில் வேரைப் பரப்பி, அதன்மேல் தண்ணீர் தெளித்து, கோடை வெயிலில் குளிர்ச்சியான அறைகளை அமைத்தார்கள் என்று அவர் பதிவு செய்திருக்கிறார். மின்விசிறி வருவதற்கு ஏறக்குறைய முந்நூறு வருடங்களுக்கு முன்னரே இந்தப் புல் வீட்டைக் குளிரவைத்திருக்கிறது.

வறண்ட நிலத்து வாசனைப் புல் ஒன்று நமது மார்க்க வரலாற்றிலும் இடம்பெற்றிருப்பதை இங்கு நினைவூட்டுவது பொருத்தமானது. அது இத்கிர் என்னும் புல். ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு மக்கா வெற்றியின்போது, அப்புனித எல்லைக்குள் செடிகொடிகளை வெட்டக்கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். அப்போது அப்பாஸ் (ரழி) அவர்கள், இத்கிரை மட்டும் விட்டுவிடும்படி வேண்டினார்கள். கொல்லருக்கும் வீடுகளுக்கும் கப்றுகளுக்கும் அது தேவைப்படுகிறது என்றார்கள். நபியவர்களும் அதற்கு விலக்களித்தார்கள். உஹதில் ஷஹீதான முஸ்அப் இப்னு உமைர் (ரழி) அவர்களுக்குப் போர்த்திய துணி போதாமல் போனபோது, கால்களை மூடியதும் அந்த இத்கிர்தான். அது வெட்டிவேர் அல்ல. கறிக்கு ரம்பையோடு போடுகிறோமே சேரை, அந்த எலுமிச்சம்புல்லின் நெருங்கிய இனம். ஆயினும், காய்ந்த பூமியில் நின்று மனிதரின் வீட்டுக்கும் வேலைக்கும் இறுதிப் பயணத்துக்கும் உதவிய ஒரு புல் என்ற வகையில், வெட்டிவேரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுவே ஞாபகம் வருகிறது.

கீழே போகும் வேர்

மற்றப் புற்களின் வேர் மேல்மண்ணில் படர்ந்து கிடக்கும். வெட்டிவேரின் வேர் நேரே கீழே இறங்கும். நல்ல மண்ணில் ஓராண்டுக்குள்ளேயே பத்து அடி ஆழம் வரையும் போகக்கூடியது. அதனால்தான் மேலே பூமி வெடித்துக் கிடக்கும் வரட்சியிலும் இது பட்டுப்போவதில்லை. இலை மஞ்சளானாலும் தூர் உயிரோடிருக்கும். மழை கண்டதும் மறுபடி துளிர்க்கும். சில நாட்கள் வெள்ளத்தில் நின்றாலும் அழுகாது.

இதைப் பிரித்தெடுத்துச் சோதித்த பொறியியலாளர்கள், வேரின் இழுவைப் பலம் சாதாரண உருக்குக் கம்பியின் பலத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு என்று கணித்திருக்கிறார்கள். நூல் போன்ற ஒரு வேருக்கு இத்தனை பலம். அவ்வாறான நூற்றுக்கணக்கான வேர்கள் ஒரு தூரில் உண்டு. ஆகவேதான் 1980களில் உலக வங்கியின் விவசாய நிபுணர்கள் இந்தியாவில் மண்ணரிப்பைத் தடுக்க இந்தப் புல்லை வரிசையாக நடும் முறையைப் பரப்பினார்கள். தாய்லாந்தில் மன்னர் பூமிபோல் 1991 முதல் இதனை நாடு முழுவதும் ஊக்குவித்தார். நமது பாட்டிமாரின் பெட்டகத்து வேரை, உலகம் மண்ணைக் காக்கும் மருந்தாகக் கண்டுகொண்டது.

இன்னுமொரு நற்குணம் உண்டு. மற்றப் புல்லைப் போல் இது வளவெங்கும் ஓடிப் பரவாது. நிலத்துக்குள் கிழங்கு விட்டுப் பக்கத்துப் பாத்திக்குள் நுழையாது. தென்னிந்திய வகையின் விதை பெரும்பாலும் முளைப்பதுமில்லை. நட்ட இடத்தில் நிற்கும். பூக்கதிர் வந்தால் பார்க்க அழகாகவும் இருக்கும்.

ராத்தா சொன்னது

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். இது என் தவறைச் சொல்லும் கதை.

எனது ராத்தாவின் வீடு ஊவா மாகாணத்தில் ஒரு மலைச்சரிவில் இருக்கிறது. வீடு கட்டுவதற்காகச் சரிவை வெட்டியதால் குசினிக்குப் பின்னால் ஆளுயர மண்திட்டு ஒன்று நின்றது. மழைக்காலத்தில் அதிலிருந்து மண் கரைந்து வடிகானை அடைத்துவிடும். அயலில் இருந்த ஒரு சிங்கள மூதாட்டிதான் ராத்தாவுக்குச் சவந்தராத் தூர்கள் சிலவற்றைக் கொடுத்தார். ராத்தா அதைப் பிரித்துப் பிரித்து, திட்டின் மேல் விளிம்பில் ஒரு வரிசையும் இடுப்பில் ஒரு வரிசையும் வைத்தார். இரண்டு மாரி கழிவதற்குள் அந்தத் திட்டு பச்சைச் சுவராகிவிட்டது. வடிகான் அடைபடுவதும் நின்றது.

2019 ஆகஸ்ட் மாதத்தில் வேர் வாங்கும் வியாபாரி ஒருவர் ஊருக்கு வந்தார். நல்ல விலை சொன்னார். மச்சான் என்னிடம் யோசனை கேட்டார். "சும்மா நிற்கிற புல்தானே, வேரை எடுத்துவிட்டுக் கன்றைத் திரும்ப நடலாம்" என்று சொன்னவன் நான்தான். ராத்தா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, வேரெடுக்கிறதுன்டா அங்கால கிணத்தடியில இருக்கிறத எடுங்க. இதத் தொடாதிங்க. மழ பேஞ்சா இந்த மண்ணப் புடிக்கிறது யாரு?" என்றார்.

நாங்கள் கேட்கவில்லை. கிணற்றடியில் நின்றது நான்கு தூர்தான், அதற்கு என்ன கிடைக்கும் என்று எண்ணினோம். அலவாங்கும் மண்வெட்டியும் கொண்டு இரண்டு நாள் தோண்டினோம். வேரை எடுப்பதற்காகத் திட்டின் வயிற்றையே கிளறிவிட்டோம். கிடைத்த பணம் எனது ஒரு மாதச் சம்பளத்தின் கால்வாசியும் இல்லை.

அவ்வருடம் டிசம்பரில் மூன்று நாள் விடாத மழை. சுபஹுத் தொழுகைக்கு உளூச் செய்வதற்காக ராத்தா குசினியை விட்டுக் கிணற்றடிக்குப் போன நேரம் திட்டு சரிந்தது. பின்சுவர் உடைந்து, அடுப்பு வரை சேறு வந்து நின்றது. இன்னும் சில நிமிடங்கள் பிந்தியிருந்தால் அவர் அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பார். அல்ஹம்துலில்லாஹ், ஒருவருக்கும் காயமில்லை. சுவரைத் திருத்தவும் கல் அணை கட்டவும் செலவான தொகை, வேர் விற்ற பணத்தைப் போல் பல மடங்கு.

ராத்தா என்னை ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. சேற்றை வாரிக் கொட்டிய பின்பு, கிணற்றடியில் மிஞ்சிய நான்கு தூரையும் பிரித்துத் திரும்பவும் திட்டில் நட ஆரம்பித்தார். வீட்டு விடயத்தில் வீட்டில் இருப்பவரின் சொல்லைக் கேட்பதும் மஷூராவின் ஒரு பகுதிதான் என்பதை அன்று அந்தச் சேற்றில் நின்று படித்தேன்.

இரண்டு வரிசை வேண்டும்

இந்தப் புல்லின் சிக்கலே இதுதான். அதன் விலையும் வேரில் இருக்கிறது, அதன் காவலும் வேரில் இருக்கிறது. ஒரே தூரிடம் இரண்டையும் கேட்க முடியாது. எண்ணெய்க்காக மலைச்சரிவுகளில் வேர் தோண்டிய ஹெயிட்டியிலும் ஜாவாவிலும் மண்ணரிப்பு ஏற்பட்டது இதனாற்றான். ஆகவே சகோதரிகளே, காவலுக்கு ஒரு வரிசை, வாசனைக்கு ஒரு வரிசை என்று ஆரம்பத்திலேயே பிரித்து நடுங்கள். காவல் வரிசையை யார் என்ன விலை சொன்னாலும் தோண்டவேண்டாம்.

காவல் வரிசையைச் சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டமாக நடவேண்டும். மேலிருந்து கீழாக நட்டால் பயனில்லை. மேசன்மார் பயன்படுத்தும் தண்ணீர் மட்டக் குழாயைக் கொண்டு இரண்டு பேர் சேர்ந்து மட்டத்தை அடையாளம் இட்டுவிடலாம். செங்குத்தான திட்டானால் மூன்றடிக்கு ஒரு வரிசை வரட்டும்.

வளர்ந்த தூரைத் தோண்டி, இரண்டு மூன்று குருத்துள்ள கன்றுகளாகப் பிரித்தெடுங்கள். இலையை ஏழு எட்டு அங்குலத்துக்கும் வேரை இரண்டு அங்குலத்துக்கும் நறுக்கிவிடுங்கள். கன்றுக்குக் கன்று நான்கு முதல் ஆறு அங்குல இடைவெளி போதும். நெருக்கி நட்டால்தான் ஓராண்டில் ஒன்றோடொன்று சேர்ந்து வேலியாகும். இடையில் ஒன்று பட்டுப்போனால் உடனே அவ்விடத்தை நிரப்புங்கள். ஓட்டை இருந்தால் மழைநீர் முழுவதும் அந்த ஓட்டையைத் தேடித்தான் ஓடும். தொழுகை ஸப்பில் இடைவெளி விடாதீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்வது போல்தான் இதுவும்.

நடுவதற்கு மழை தொடங்கும் காலமே சிறந்தது. வடக்கு, கிழக்கு, ஊவா, புத்தளம் பகுதியினர் ஒக்டோபரில் நடலாம். தென்மேல் பருவமழை பெறும் பகுதியினர் மே மாதத்தில் நடலாம். வரட்சியைத் தாங்கும் புல் என்பதற்காக நட்ட அன்றே கைவிட்டுவிடக்கூடாது. முதல் மூன்று நான்கு மாதங்கள் மழையில்லாத நாட்களில் தண்ணீர் ஊற்றவேண்டும். வேர் கீழே இறங்கிய பின்பு அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். வெயில் நன்றாகப் படவேண்டும். பலா மரத்து நிழலில் நட்டால் மெலிந்துபோகும்.

வருடத்தில் இரண்டு மூன்று முறை, நிலத்தில் இருந்து ஓரடி உயரம் விட்டு இலையை அரிந்துவிடுங்கள். அரிந்தால் தூர் அகலும். அரியாமல் விட்டால் காய்ந்த இலை சேர்ந்து எலிக்கும் பூச்சிக்கும் மறைவிடமாகிவிடும். இலையின் ஓரம் கூர்மையானது, கைக்குத் துணி சுற்றிக்கொள்ளுங்கள். அரிந்த இலையை வீசவேண்டாம். கத்தரி, மிளகாய்ப் பாத்திகளுக்கு மூடாக்காகப் போட்டால் ஈரம் காயாது. இளம் இலையை ஆடும் மாடும் தின்னும்.

குசினித் தண்ணீரும் குளியலறைத் தண்ணீரும் ஓடும் இடத்திலும் சில தூர்கள் வைக்கலாம். அந்தக் கழிவு நீரை உறிஞ்சி இடத்தைச் சேறில்லாமல் வைத்துக்கொள்ளும். ஆனால் அங்கே நிற்கும் தூரின் வேரை வீட்டுப் பாவனைக்கு ஒருபோதும் எடுக்காதீர்கள். அழுக்கையும் கன உலோகங்களையும் தன் வேரில் சேர்த்துவைப்பது இதன் இயல்பு.

சாக்கில் வளரும் வாசனை

வாசனைக்கான வரிசையை நிலத்தில் நடவேண்டும் என்றே இல்லை. வாடகை வீட்டில் இருப்பவர்களும் வளவு இல்லாதவர்களும் கூட வளர்க்கலாம். உயரமான உரச் சாக்கை நன்றாகக் கழுவி, அடியில் சில துளைகள் இட்டு, இரண்டு பங்கு மணலும் ஒரு பங்கு மண்ணும் ஒரு பங்கு மக்கிய சாணமும் கலந்து நிரப்புங்கள். அதில் ஒரு கன்றை நட்டு, வெயில் படும் சுவரோரத்தில் வையுங்கள். சாக்கு விரைவில் காயும், ஆகையால் இதற்கு மட்டும் அடிக்கடி தண்ணீர் வேண்டும்.

ஒன்றரை வருடம் பொறுங்கள். பின்பு சாக்கைக் கிழித்து மண்ணை உதறினால், ஒரு முழு வேர்க்கொத்து முறியாமல் கைக்கு வரும். தோண்டவும் தேவையில்லை, மண்திட்டும் கலையாது. கன்றை நறுக்கி மறுபடி புதுச் சாக்கில் நட்டுவிடலாம். வேரைப் பல தண்ணீரில் அலசி, நிழலில் காயப்போடுங்கள். கடும் வெயிலில் போட்டால் வாசனை பறந்துவிடும்.

காய்ந்த வேரைச் சிறு கட்டுகளாக முடிந்து அலுமாரியில் வைத்தால் உடுப்புக்கு வாசனை ஏறும், பூச்சியும் அண்டாது. வாசனை குறைந்தால் லேசாகத் தண்ணீர் தெளித்துக் காயவையுங்கள், மீண்டும் மணக்கும். பழுதான சிறு வேர்களை இடித்துப் பயற்றம்மாவோடு கலந்து குளிக்கலாம். கெட்டியான வேர்களை நூலில் கோத்து விசிறி பின்னலாம். பிள்ளைகளுக்கு அது நல்ல விடுமுறைக் கைவேலை.

மண்பானைத் தண்ணீரில் போடுவதானால், கொதித்தாறிய நீரில், நன்றாகக் கழுவிய சிறு கட்டைத் துணியில் முடிந்து போடுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை வேரை எடுத்துக் காயவைத்து மாற்றுங்கள். இதைக் குடித்தால் இன்ன நோய் தீரும் என்று பலரும் பலவாறு சொல்வர். நான் வைத்தியன் அல்லன். வாசனைக்காக ஒரு கோப்பை குடிப்பது வேறு, மருந்தாக எண்ணிக் குடிப்பது வேறு. கர்ப்பிணிகளும் நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

யன்னலுக்கு வேர்த்தட்டி கட்டித் தண்ணீர் தெளித்தால் அறை குளிரும். தண்ணீர் ஆவியாகும்போது காற்றின் சூட்டை எடுத்துக்கொள்வதே அதற்குக் காரணம். ஆகையால் மன்னார், புத்தளம், அநுராதபுரம் போன்ற இடங்களின் காய்ந்த காற்றில் இது நன்றாக வேலை செய்யும். கொழும்பின் ஈரக் காற்றில் வாசனை வரும், குளிர்ச்சி அவ்வளவு வராது. இரண்டு மூன்று சாக்கின் வேரில் ஒரு தட்டி நிறையாது. முதலில் ஒரு விசிறியோடு ஆரம்பியுங்கள்.

புல்லால் இயலாதது

கடைசியாக ஒரு முக்கியமான விடயம். 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையிலும், 2016 மே மாதத்தில் அரநாயக்கவிலும் மலை சரிந்து மக்கள் புதையுண்டதை நாம் மறக்கமுடியாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலைநாடெங்கும் நேர்ந்த மண்சரிவுகள் இன்னும் நம் கண்ணை விட்டு மறையவில்லை. அத்தகைய பெருஞ்சரிவுகளில் மலையின் ஆழத்து மண்ணே பெயர்ந்து வருகிறது. எந்தப் புல்லின் வேராலும் அதைத் தடுக்க முடியாது. வெட்டிவேர் காப்பது மேல்மண்ணையும் சிறு திட்டுகளையும் மட்டுமே.

ஆகவே நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு கண்டால், மரங்கள் சாய்ந்தால், இல்லாத இடத்தில் திடீரென்று ஊற்றுக் கிளம்பினால், ஓடிய ஊற்று திடீரென்று நின்றால் அல்லது கலங்கினால், "எங்கள் வளவில் வெட்டிவேர் இருக்கிறது" என்று நம்பி இருந்துவிடாதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உடனே பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். கிராம உத்தியோகத்தருக்கும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கும் அறிவியுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதுதான் நமது வழி. கட்டவேண்டிய இடத்தில் கட்டுவோம், விலகவேண்டிய இடத்தில் விலகுவோம்.

ராத்தாவின் திட்டில் இப்போது மீண்டும் இரண்டு வரிசை நிற்கிறது. கல் அணைக்கு மேலே பச்சையாக வளைந்து நிற்கும் அதைப் பார்ப்பவர்கள் அழகுக்கு வைத்த புல் என்றுதான் நினைப்பார்கள். முற்றத்துச் சுவரோரத்தில் ஐந்து சாக்கும் இருக்கிறது. சென்ற பெருநாளைக்கு எங்கள் வீட்டுக்கு ஒரு வேர்க்கட்டு அனுப்பியிருந்தார். "இது சாக்கு வேர், தம்பி. பயப்படாம அலுமாரியில வைங்க" என்று சொல்லியனுப்பினார். அலுமாரியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த வாசனையோடு அவருடைய சொல்லும் வருகிறது.

உங்கள் அயலில் வெட்டிவேர்த் தூர் உள்ள வீடொன்று நிச்சயம் இருக்கும். ஒக்டோபர் மழைக்கு முன்னர் போய் இரண்டு கன்று கேட்டுப் பாருங்கள். ஒன்றை வளவில் நடுங்கள், ஒன்றைச் சாக்கில் நடுங்கள். உங்கள் தூர் வளர்ந்த பின்பு கேட்டு வருபவருக்கு நீங்களும் பிரித்துக் கொடுங்கள். இன்ஷா அல்லாஹ் அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.